தவளை கத்தாத வயல்

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் யாருக்காவது ரோஷம் வந்துவிடுமோ என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், குணவீரன் என்றொரு மன்னன் இருந்தான். அரண்மனை மதிலை ஒட்டிக் கிடந்த பெருவயலில் வருடம் முழுக்க நெல் மட்டுமே நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. அறுத்த கையோடு உழுதார்கள், உழுத கையோடு நட்டார்கள். நிலமும் எத்தனை நாள்தான் தாங்கும்?

முதலில் கதிர் சிறுத்தது. பிறகு பயிர் பிணம்போல் வெளுத்தது. கடைசியில் தவளைகளும் ஓய்ந்துவிட்டன. மழை பெய்த மாலைகளில்கூட அங்கே ஒரு சத்தம் கிடையாது. காலுக்கடியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பது போலிருக்கிறது என்று வரப்பில் நடந்தவர்கள் சொன்னார்கள்.

தை அறுவடையில் பதர்தான் மிஞ்சியது. பண்ணையாள் சடையனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சாமி, நெலம் களைச்சுப் போச்சுங்க. ஒரு போகம் தட்டப்பயறு போட்டுப் பாக்கலாம்னு போன வருசமே கெஞ்சினேனுங்க."

"ஒரு போக நெல்லை விட்டால் களஞ்சியத்தை எதைக் கொண்டு நிரப்புவது?" என்றான் மன்னன். நியாயமான கேள்விதான். 

அமைச்சர் மருதநம்பி எழுந்தார். "அரசே, அந்த நிலம் கேட்பது பயறு அல்ல, இரத்தம். மாசி அமாவாசையன்று இவனையே பலி கொடுப்போம்."

  அப்போது விகடகவி தத்தனுக்குச் சின்ன வயசுச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. தட்டைப்பயற்றுச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரில் இருந்த மணிகளை நகத்தால் நசுக்கியவன், தன் விரலைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

"அரசே, ஒருவன் கழுத்தை அறுத்தால் வயலில் ஒரு மூலைதானே நனையும்? அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுங்கள். வயல் முழுவதற்கும் இரத்தம் ஊட்டிக் காட்டுகிறேன். இவன் எனக்குக் கையாளாக இருக்கட்டும்."

"அமாவாசையன்று வயலில் இரத்தம் இல்லாவிட்டால்?" என்று கேட்டார் அமைச்சர். தத்தனின் சிரிப்பைக் கேட்டாலே வயிறு எரிகிற மனிதர் அவர்.

"இவன் தலையோடு என் தலையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன். முரசு அறைந்தார்கள். அதன் பிறகு அந்த வயல் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கவில்லை. மன்னனே அந்தத் திசைச் சாளரங்களை அடைக்கச் சொல்லிவிட்டான். சடையனும் தத்தனும் மட்டும் ஈரம் காய்வதற்குள் வயலில் இறங்கினார்கள்.

மாசி அமாவாசை, பொழுது சாய்கிற நேரம். மன்னன் வந்தான். பின்னால் அமைச்சர், அவருக்குப் பின்னால் வாளோடு இரண்டு காவலர்கள். வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்குத் தட்டைப்பயறு. காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் அசைந்த மாதிரி இருந்தது.

"இரத்தம் எங்கே?" என்றார் அமைச்சர்.

தத்தன் ஒரு செடியைப் பிடுங்கினான். வேரெல்லாம் மிளகு போன்ற மணிகள். "கையை நீட்டுங்கள், அமைச்சரே."

ஒவ்வொன்றாக நசுக்கினான். அமைச்சரின் உள்ளங்கை ரேகைகளில் செந்நீர் கசிந்து பரவியது.

"ஐயோ, இரத்தம்!"

"நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். இரத்தம்தானா?"

"இரத்தமேதான்! பாவி, என்ன செய்து வைத்திருக்கிறாய்!"

"அரசே, ஆணை நிறைவேறியது. சாட்சி அமைச்சரே" என்று தத்தன் வணங்கினான்.

மன்னன் தானே குனிந்து வேறொரு செடியைப் பிடுங்கி நசுக்கினான். அதிலும் சிவப்பு. அவன் குரல் தழைந்தது. "தத்தா, இது யாருடைய இரத்தம்?"

எதற்கும் சட்டென்று பதில் சொல்லும் தத்தன் கொஞ்சம் தயங்கினான். "தெரியாது, அரசே. நெல் உறிஞ்சியதை இது மறுபடி ஊற வைக்கிறது என்கிறான் சடையன். எப்படி என்று அவனுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது."

காவலர்கள் வாளை உறையில் போட்டார்கள். சடையன் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான்.

"உங்கள் தலைகள் தப்பின. ஆனால் பயறு லாபமா என்பதை அடுத்த நெல்லைப் பார்த்துத்தான் சொல்வேன்" என்றான் மன்னன்.

பயற்றைப் பறித்துக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள், கொடியை மண்ணுக்குள் மடக்கி உழுதார்கள், நெல் நட்டார்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை மன்னன் சாளரத்தைத் திறந்தான். பயிர் கருகருவென்று நின்றது. எங்கோ ஒரு தவளை கத்தியது. இன்னொன்று பதில் சொன்னது. பிறகு வயலே கத்தியது.

மன்னனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தான். வருடம் ஒரு போகம் பயறு என்று ஆணையிட்டு, அந்தப் பயற்றில் பாதியைச் சடையனுக்கே எழுதி வைத்தான். தத்தனுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

"வருடம் முழுக்க என் மூளையையும் உழுதுகொண்டே இருக்கிறீர்கள், அரசே. எனக்கும் ஒரு போகம் விடுப்பு."

மன்னன் மறுபடி சிரித்தான். அமைச்சர் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.