கண்ணாடியில ஒட்டின பொட்டு

கடலோரத்துல, உப்பளத்தை ஒட்டி, ஒரு சின்ன விமானப் பள்ளி இருந்துச்சு. அங்க ஓட்டக் கத்துக்க வந்தவங்கள்ல இசக்கியம்மாளுக்குத்தான் வயசும் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. இங்க வர்றதுக்கு முன்னாடி அவ சர்வேயர். ஊர் ஊராப் போய் நிலம் அளந்து கல்லு நட்டவ. வரப்புத் தகராறுல அருவாளத் தூக்கிட்டு வந்தவனையே, "சங்கிலிய மிதிக்காதவே, அளவு மாறிரும்"னு அதட்டினவ.

அவளுக்குச் சொல்லிக் குடுத்தது கேப்டன் ஃபரீதா. இசக்கிய விட நாலு வயசு சின்னவ. அதனால மாணவி டீச்சரை "மேடம்"பா. டீச்சர் மாணவிய "அக்கா"ம்பா. மரியாதை ரெண்டு பக்கமும் இருந்துச்சு. சண்டை ஒரு பக்கம் மட்டும்தான்.

கூடச் சேர்ந்த எல்லாரும் தனியாப் பறந்து எறங்கிட்டாங்க. முதல் தடவை தனியாப் போய்ட்டு வர்றவங்க தலையில பக்கெட் பக்கெட்டாத் தண்ணி ஊத்தறது அந்தப் பள்ளியில வழக்கம். இசக்கி ஒருத்திதான் இன்னும் நனையல. இந்த வாரத்துக்குள்ள தனியாப் போகலன்னா ஊருக்குக் கெளம்பிர வேண்டியதுதான்னு பள்ளித் தலைவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார்.

பிரச்சனை இதுதான். விமானம் மட்டமாப் போகுதா, ஏறுதா, எறங்குதான்னு அவளுக்குக் கண்ணுல பிடிபடல. எந்நேரமும் உயரம் காட்டுற முள்ளையே பாப்பா. முள்ளு ஏறினா விமானத்து மூக்கை அமுக்குவா. எறங்கினா இழுப்பா. விமானம் ஊஞ்சல் ஆடும். ஃபரீதா பேசாம ஒரு அட்டையை எடுத்து முள்ளை மூடிருவா.

"வெளிய பாருங்கக்கா."

"வெளிய எதைப் பாக்க?"

"அடிவானத்தை."

"அது இந்தக் கண்ணாடியில எந்த எடத்துல இருக்கணும்? தொட்டுக் காட்டுங்க."

"பாருங்க."

"பாத்துட்டுதான இருக்கேன்! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

ஃபரீதா அட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வச்சா.

மறுநாள் விமானம் மட்டமாப் போய்க்கிட்டிருந்த ஒரு நேரம் பாத்து, இசக்கி நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிச்சா. முன்கண்ணாடியில அடிவானம் தெரிஞ்ச எடத்துல ஒட்டினா. பொட்டும் அடிவானமும் ஒண்ணா இருந்தா மட்டம். பொட்டு வானத்துக்குப் போனா ஏறுது. கடலுக்குள்ள போனா எறங்குது. அவ்வளவுதான் கணக்கு.

அன்னைக்கு விமானம் ஆடவே இல்ல.

எறங்கினதும் ஃபரீதா நகத்தால பொட்டைச் சுரண்டி எடுத்தா. அடுத்த நாள் இசக்கி வேற ஒட்டினா. ஃபரீதா அதையும் சுரண்டினா. அதுக்கு அடுத்த நாளும் அப்படியே. இசக்கிக்குத் தாங்கல.

"மேடம், ஒழுங்காத்தான ஓட்டுதேன்?"

"ஆமா."

"விமானம் ஆடுச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு தெனமும் பொட்டைச் சுரண்டுதிய? எம் புருஷனா செத்துட்டான்? நல்லாக் குத்துக்கல்லு மாதிரி இருக்கான் அந்த மனுஷன்!"

ஃபரீதாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டா.

"இன்னொரு பொட்டு ஒட்டுங்கக்கா. எங்க இருக்கு பாருங்க."

இசக்கி தன் சீட்டுல உக்காந்து ஒட்டினா. "தூரத்துல அந்தத் தண்ணித் தொட்டி மேல இருக்கு."

"இப்ப என் சீட்டுல வந்து உக்காருங்க."

மொணங்கிக்கிட்டே மாறி உக்காந்தா. பொட்டு இப்ப விமானக் கொட்டகைக் கதவுல இருந்துச்சு.

"பொட்டு நகந்துச்சா?"

"நாந்தான் நகந்தேன். இதுல என்ன இருக்கு? உங்க பக்கமும் ஒண்ணு ஒட்டிட்டாப் போச்சு. அட்டை அட்டையா வச்சிருக்கேன், என்ன கலர் வேணும்?"

ஃபரீதா தலையில கை வச்சிக்கிட்டா.

"மேடம், நான் நட்ட கல்லு ஒண்ணு கூட இது வரைக்கும் நகந்ததில்ல. கோர்ட்டுல வக்கீல் கேட்டே நகரல."

"அது நிலத்துல நட்டது."

இதுக்கு இசக்கிகிட்ட சூடா ஒரு பதில் இருந்துச்சு. ஆனா ஃபரீதா நடக்க ஆரம்பிச்சிட்டா.

வாரத்தோட கடைசி நாள் வந்துச்சு. இசக்கி முந்தின நாள் எடத்துலயே பொட்டை ஒட்டிட்டு, சுரண்டினா ஒரு கை பாத்துரலாம்னு உக்காந்திருந்தா. ஃபரீதா பொட்டைப் பாத்தா. கை வைக்கல. ஓடுபாதையைச் சுத்தி ஒரு சுத்துப் போய்ட்டு எறங்கினாங்க. எறங்குனது பஞ்சு மாதிரி இருந்துச்சு.

என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஃபரீதா பெல்ட்டை அவுத்தா. கதவைத் தொறந்தா.

"எங்க மேடம் போறிய?"

"கீழ."

"அப்ப நான்?"

"மேல."

இத்தனை நாளா இசக்கி கேட்டது இதைத்தான். கெடச்சதும் பெல்ட்டை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இழுத்துப் பாத்துக்கிட்டா.

"ஒரே ஒரு சுத்து. ரேடியோவுல நான் இருக்கேன்."

"பொட்டு இருக்கட்டுமா?"

"உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு ஃபரீதா கதவைச் சாத்தினா.

ஒரு ஆள் கனம் கொறஞ்ச விமானம் துள்ளிக்கிட்டுக் கெளம்பிச்சு. வழக்கமா எழும்புற எடத்துக்கு முன்னாடியே சக்கரம் தரையை விட்டுருச்சு. சுத்து போற உயரம் வந்ததும் இசக்கி என்ஜினைக் குறைச்சு, பொட்டை அடிவானத்துல கச்சிதமா வச்சா. அப்பாடான்னு முள்ளைப் பாத்தா.

முள்ளு ஏறிக்கிட்டே இருந்துச்சு.

பொட்டைப் பாத்தா. அடிவானத்து மேலயேதான் இருக்கு. முள்ளைப் பாத்தா. ஏறுது.

"மேடம்! பொட்டு சரியா இருக்கு, ஆனா ஏறிக்கிட்டே போகுது!"

"மூக்கை எறக்குங்க."

"எறக்கினா பொட்டு கடலுக்குள்ள போயிரும்!"

"போகட்டும்."

"போகட்டுமா? உசுரு கையில இருக்கு, வெளையாடாதிய மேடம்!"

"அக்கா. ஏறாம நிக்கற வரைக்கும் எறக்குங்க. நின்னதும் சொல்லுங்க."

ஒரு வழியா மூக்கைத் தாழ்த்தினா. கண்ணு முன்னாடியே பொட்டு அடிவானத்தை விட்டு வழுக்கி கடல்ல முங்கிச்சு. அவ கணக்குப்படி விமானம் இப்ப விழுந்துக்கிட்டு இருக்கணும். விழல. முள்ளு நின்னுச்சு.

"நின்னுட்டு."

"முள்ளை விடுங்க. வெளிய என்ன தெரியுது?"

"கடலு. அதுக்கு மேல வானம்."

"ரெண்டும் சேர்ற கோடு எங்க இருக்கு?"

"பொட்டுக்கு மேல, ஒரு..."

"பொட்டைக் கேக்கல."

இசக்கி ஒரு கையால பொட்டைப் பிச்சா. போடறதுக்கு எடம் இல்லாம நெத்தியிலயே ஒட்டிக்கிட்டா. கண்ணாடி வெறுமையா இருந்துச்சு. அந்தக் கோடு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும், விமானத்து மூக்குக்கு மேல அசையாம நின்னுச்சு. இம்புட்டு நீளமாவா இருந்துச்சு இது?

"அக்கா?"

"பாத்துட்டேன்."

ரேடியோ அதுக்கப்புறம் பேசல.

உப்பளத்துக்கு மேல திரும்பினா. கோடு சாஞ்சுச்சு. நிமிந்தா, அதுவும் நிமிந்துச்சு. வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் சக்கரத்துக்குக் கீழ ஓடுச்சு. பெறகு ஓடுபாதை. பெறகு தரை. லேசா ஒரு தட்டு, அவ்வளவுதான். என்ஜினை நிறுத்தினதும் இசக்கிக்குச் சிரிப்பா அழுகையான்னு தெரியாம என்னமோ ஒண்ணு வந்துச்சு. அடக்கவும் இல்ல.

எறங்கினா. பக்கெட்டோட காத்திருந்தவங்க ஓடி வந்து ஊத்தினாங்க. மூணாவது பக்கெட்டுல மூக்குல தண்ணி ஏறி இருமினா. இருமி முடிச்சதும் நேரா ஃபரீதாகிட்ட வந்து நின்னா.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. நான் பாக்காதப்ப பொட்டை எடம் மாத்தினியளா?"

"இல்லக்கா."

"என் சீட்டை ஏத்தி எறக்கினியளா?"

"இல்ல."

"பின்ன? போன சுத்து வரைக்கும் சரியா இருந்த எடம் இந்தச் சுத்துல எப்படித் தப்பாகும்?"

ஃபரீதா தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவகிட்ட நீட்டினா.

"போன சுத்து வரைக்கும் பக்கத்துல நான் கனமா உக்காந்திருந்தேன்லக்கா."