செம்பன் நரியின் முதல் சறுக்கல்

இமயமலைச் சாரலில் ஒரு தேவதாருக் காடு இருந்தது. அங்கே செம்பன் என்ற நரி புதிதாகக் குடிவந்தது. கீழ்நாட்டில் மழை பொய்த்துக் காடு கருகிவிட்டதால், பிழைப்புத் தேடி மலையேறி வந்த நரி அது. பனியை அது கண்ணால் பார்ப்பதே அந்த ஆண்டுதான்.

கார்த்திகை மாதத்தில் முதல் பனி விழுந்தது. மலை முழுவதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. எலிகள் வளைக்குள் புகுந்துகொண்டன. இரை கிடைக்கும் ஒரே இடம் கீழே இருந்த ஆற்றங்கரைதான். ஆனால் பாதையெல்லாம் வழுக்கியது. செம்பன் நான்கு அடி வைத்தால் மூன்று முறை விழுந்தது. மற்ற விலங்குகளோ மரப்பட்டையில் உட்கார்ந்து, சர்ரென்று சறுக்கி ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு நாள் பட்டினி கிடந்த செம்பன், ஒரு மரப்பட்டையைக் கவ்விக்கொண்டு சறுக்குமிடம் தேடிப் புறப்பட்டது.

வழியில் நெட்டையன், கட்டையன் என்ற இரண்டு குரங்குகள் அதைப் பார்த்தன.

“வா, செம்பா, வா! சறுக்குவதென்றால் பருந்துச் சரிவில்தான் சறுக்க வேண்டும்! கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆறு வந்துவிடும்!” என்றது நெட்டையன்.

செம்பன் எட்டிப் பார்த்தது. சரிவு சுவர் போல நின்றது. அது ஓர் அடி பின்வாங்கியது.

சற்றுத் தள்ளி ஒரு பனிக்கௌதாரி, பனியைக் கிளறிப் புல்வேரைக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் பெயர் மணிக்கண்ணி. நரிக்கு எட்டாத ஒரு பாறைமேல் பறந்துபோய் நின்றுகொண்டு அது கத்தியது.

“அங்கே இறங்காதே! இது முந்தாநாள் விழுந்த பனி. ஒரு சாண்கூட இல்லை. அடியில் முழுக்கப் பாறை! வடக்குப் பக்கம் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே வெயில் படாது, பனி கரையாமல் நிற்கும். விழுந்தாலும் அடியில் புல்தான். அதுவும் ஆற்றங்கரைக்குத்தான் போகிறது. முதலில் அங்கே பழகு!”

“ஐயே! அது முயல்குட்டிகள் விளையாடும் இடமாயிற்றே!” என்று கட்டையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

செம்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் என்ன முயல்குட்டியா? கரும்புக்காட்டு நாய்களையே கதிகலங்க வைத்தவன் நான்!” என்று சொல்லி, மரப்பட்டையில் ஏறி உட்கார்ந்தது.

குரங்குகள் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளின.

முதலில் காற்று காதில் பாடியது. அடுத்த கணம் ‘கடக்’கென்று ஒரு சத்தம்! மரப்பட்டை பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. செம்பன் உருண்டு, புரண்டு, ஒரு முட்புதரில் சிக்கி நின்றது. புதருக்கு அந்தப் பக்கம் அதலபாதாளம்!

“பார்த்தாயா, நடுவில் பாறை இருக்கிறது! நல்லவேளை, நாம் முதலில் இறங்கவில்லை!” என்றது நெட்டையன்.

“இன்னும் நாலு பனி விழட்டும், பிறகு வருவோம்!” என்றது கட்டையன். இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டன.

குரங்குகள் தன்னை எதற்காகக் கூப்பிட்டன என்று செம்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. அது அசைந்தபோதெல்லாம் புதரின் வேர் ஒவ்வொன்றாக அறுந்தது. “யாராவது இருக்கிறீர்களா?” என்று ஊளையிட்டது.

மணிக்கண்ணி பறந்து வந்து பக்கத்தில் இறங்கியது.

“இந்தச் சரிவை அங்குலம் அங்குலமாகக் கிளறியவள் நான். எங்கே பாறை, எங்கே மண் என்று எனக்குத் தெரியும். நான் கால் வைக்கும் இடத்தில் மட்டும் நீ கால் வை!”

கௌதாரி முன்னால் நடந்தது. நரி பின்னால் ஊர்ந்தது. கொழுத்த கௌதாரி, வாய்க்கு எட்டும் தூரத்தில்! செம்பனின் நாக்கில் எச்சில் ஊறியது. ‘ஒரே கவ்வு, பசி தீர்ந்துவிடும்’ என்றது வயிறு. செம்பன் எச்சிலை விழுங்கிவிட்டு, அடுத்த அடியை எடுத்து வைத்தது. அப்புறமும் ஒருமுறை விழுங்கியது. அடுத்த அடியையும் வைத்தது.

ஒருவழியாக இரண்டும் வடக்குப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தன.

“நான் நரி என்று தெரிந்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாயே! பயமாக இல்லையா?” என்று கேட்டது செம்பன்.

“பயமாகத்தான் இருந்தது. ஆனால் உன்னையே திரும்பித் திரும்பிப் பார்த்திருந்தால் வழியைக் கோட்டை விட்டிருப்பேன். இரண்டு பேருமே விழுந்திருப்போம்.”

செம்பனின் கண் கலங்கியது. “இந்தப் பல் இனி எந்தக் கௌதாரியையும் தொடாது. இந்தப் புல்வெளிக்கு வரும் யாரையும் தொடாது!” என்றது.

நரியைக் கண்டு ஒளிந்திருந்த முயல்குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு குட்டி, தயங்கித் தயங்கித் தன் மரப்பட்டையை அதன் பக்கம் தள்ளியது. “மாமா, உடம்பை இறுக்கக் கூடாது! நிற்க வேண்டுமென்றால் ஒரு பக்கமாகச் சாயணும்!” என்றது.

செம்பன் முதல் தடவை குப்புற விழுந்தது. மெத்தென்ற பனி, அடி படவில்லை. இரண்டாம் தடவை மல்லாந்து விழுந்தது. முயல்குட்டிகள் சிரித்தன, இப்போது அதற்கு ரோஷம் வரவில்லை, கூடச் சேர்ந்து சிரித்தது. ஆறாம் தடவை மரப்பட்டை நேராக ஓடியது. மெல்ல மெல்ல இறங்கி, ஆற்றங்கரையில் போய் அழகாக நின்றது!

அங்கே செம்பன் வயிறு நிறைய மீன் தின்றது. தின்றதும் படுத்துத் தூங்கவில்லை. வழுக்கும் மேட்டில் விழுந்து எழுந்து, மூச்சிரைக்க மேலே ஏறி மணிக்கண்ணியிடம் வந்தது.

“என்ன, மறுபடியும் பசியா?” என்று கேட்டது கௌதாரி.

“இல்லை. ‘நன்றி’ சொல்லாமல் போய்விட்டேன். அதைச் சொல்லத்தான் ஏறி வந்தேன்” என்றது செம்பன்.

நம்மை உசுப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பவரை விட்டு விலகி, நம் நிலைக்கு ஏற்ற வழியைக் காட்டுபவரை என்றும் நன்றியோடு போற்ற வேண்டும்.