இரண்டு தொட்டிகளும் ஓர் உப்புத் துணியும்

கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து நின்ற காலம் அது. வெண்மணல் நாட்டில் நல்லதாய் என்று ஓர் உப்பளக்காரி இருந்தாள். அவள் புருஷன் பொன்னுலிங்கம் உப்பு விற்கப் போன வழியில், மலைமேல் காரகண்டன் என்ற மந்திரவாதியின் மரத்தடியில் அசந்து தூங்கிவிட்டான். அவ்வளவுதான் குற்றம். மந்திரவாதி அவனைச் சிலையாக்கிவிட்டான்.

சாபம் கொடுத்தவன் விமோசனமும் சொல்லியாக வேண்டும். தேடி வந்த நல்லதாயிடம் அவன் வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டிக் காட்டினான்.

சிலைக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணாடித் தொட்டி; தெளிந்த மருந்துநீரில் துத்தநாகக் கோல். அந்தப் பக்கம் இன்னொரு தொட்டி. நீல மருந்துநீரில் செம்புக் கோல். துத்தநாகத்திலிருந்து ஒரு கம்பி சிலையின் இடது கைக்கு வந்தது. வலது கையிலிருந்து ஒரு கம்பி செம்புக்குப் போனது.

"என் சக்தி பூராவும் துத்தநாகத்துல இருக்கு. அது இவனுக்குள்ள ஓடினா பிழைப்பான். ரெண்டு தண்ணியையும் கலக்கக் கூடாது. கோலைத் தொடக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள ஓடலைன்னா, சிலை சிலைதான்."

"கம்பிதான் இருக்கே சாமி, ஏன் ஓடலை?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு மந்திரவாதி?"

நல்லதாய் தொட்டிகளையே பார்த்தாள். உப்பளத்தில் மறுமுனை அடைத்திருந்தால், மடையைத் திறந்தாலும் தண்ணீர் ஒரு மட்டம் வந்து நின்றுவிடும். இங்கே போகிற வழி இருந்தது. சுற்றித் திரும்புகிற வழி இல்லை.

முந்தானையைக் கிழித்தாள். ஒரு முனையை இந்தத் தொட்டியிலும் மறு முனையை அந்தத் தொட்டியிலும் விட்டாள். துணியின் நடுப்பகுதி காய்ந்து கிடந்தது. சிலை அசையவில்லை.

"சேலையும் போச்சா?" என்று சிரித்தான் காரகண்டன்.

துணியைக் கிணற்று நீரில் நனைத்துப் போட்டாள். சுண்டுவிரல் ஒரு தரம் துடித்து நின்றது.

கிணற்று நீர் அவள் மண்வெட்டியை அவ்வளவாக ஒன்றும் செய்ததில்லை. உப்பளத்து நீர்தான் அதை அரித்துத் தின்றது; அப்படியானால் வேகம் உப்பில்தான் இருந்தது. புருஷனின் மூட்டையிலிருந்து உப்பை அள்ளிக் கரைத்து, துணியை அதில் ஊற வைத்துப் போட்டாள்.

விரல் மடங்கியது. தோள் அசைந்தது. இமை திறந்தது. துத்தநாகம் கரைந்து மெலிந்தது, செம்பின் மேல் புதுச் செம்பு படிந்தது, நீலம் வெளுத்தது. அந்த ஓட்டத்துக்கு அப்போது பெயர் இல்லை. மின்சாரம் என்று இப்போது நாம் சொல்கிறோம்.

கோல் மெலிய மெலிய மந்திரவாதியும் மெலிந்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"துணியை எடுத்துடு தாயே."

"அவருக்குக் கால் இன்னும் கல்லாவே இருக்கு சாமி."

"அதுக்குள்ள நான் தீர்ந்துபோவேன்."

அவள் புருஷனின் பாதத்தையே பார்த்தாள். கட்டைவிரல் அசைந்தது. அந்தக் கணமே துணியை உருவினாள். துத்தநாகம் ஊசி கனத்துக்கு மிஞ்சியிருந்தது.

பொன்னுலிங்கம் எழுந்து நின்றான். "ஏ புள்ள, யாரு இந்தப் பெரியவரு? இப்படி மெலிஞ்சு கிடக்காரே?"

"உன்னைச் சிலையாக்கினவரு."

"இவரா!"

காரகண்டன் தலை நிமிரவில்லை. "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. இதுக்கு முன்னால இப்படி வந்ததே இல்லை," என்றான்.

"பசி," என்றாள் நல்லதாய். கட்டுச்சோற்றை அவிழ்த்து மூன்று பங்காக வைத்தாள்.

சாப்பிட்டபின் மூவரும் மலையிறங்கினார்கள். காரகண்டனால் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அவர்களும் மெதுவாகவே நடந்தார்கள். நல்லபடியாக வீடு சேர்ந்தார்கள். கேட்ட நாமும் சேர்வோம்.