நிலைமத்துக்கு ஒரு டிக்கெட்

“டீச்சர், பாதி சயின்ஸ் போயிட்டு.”

வகுப்புக்குள் நுழையும்போதே கொம்பையா சொன்னார்.

பிலோமினா டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“எங்க போயிட்டு அண்ணாச்சி?”

“பாலத்து வேலைக்கு ரோட்டை அடைச்சிட்டான்.”

டீச்சர் இப்போது திரும்பினார்.

கொம்பையாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மினிபஸ்ஸில் கண்டக்டர். தோளில் பை உண்டு, வாயில் விசில் உண்டு, லைசென்ஸ் மட்டும் கிடையாது. லைசென்ஸ் வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு தேற வேண்டும். தனித்தேர்வராக எழுதி எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார். அறிவியல்தான் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் எத்தனை நாள்தான் சமாளிப்பார்?

“இந்தத் தடவை பாஸ் பண்ணிரும் வே. இல்லாட்டா நான் வேற ஆளத்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் ஏறாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தன்னைக் கொம்பையாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடம். மாலையில் அங்கே பெரியவர்களுக்குப் பாடம். பிலோமினா டீச்சருக்கு வயது இருபத்தாறு. அவர் வகுப்பில் படிப்பவர்கள் எல்லோருமே அவரைவிட மூத்தவர்கள். அதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை.

“ரோட்டை அடைச்சா சயின்ஸ் எப்படிப் போவும்?”

“அதத்தான சொல்ல வாரேன்.”

கொம்பையா உட்காராமலே சொன்னார். நின்றுகொண்டு பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

வார்த்தைகள் அவர் மண்டையில் தங்கவில்லை. அணு என்று படித்தால் மூலக்கூறு வரும்போது அணு போய்விடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்டாப்புகளை அவர் மறந்ததே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார். ஆகவே ஸ்டாப்புக்கு ஒரு வார்த்தையாக இறக்கிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அணு. ரைஸ்மில்லில் மூலக்கூறு. வாட்டர் டேங்க்கில் தனிமம். செக்போஸ்ட்டில் சேர்மம். இப்படியே ரோட்டோர மாதா சிலைக் கெபியையும் தாண்டிப் போய்க் கடைசி ஊரில் ஒளிச்சேர்க்கை.

தண்ணீர் தனிமம் இல்லை, சேர்மம் என்று அவர் படித்திருந்தார். அப்படியும் தனிமத்தை வாட்டர் டேங்க்கில் இறக்கியதில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. டேங்க் ஒரு ஸ்டாப். அவ்வளவுதான்.

“போன பரீட்சையிலயும் இப்படித்தானா எழுதுனிய?”

“ஆமா டீச்சர். ஒளிச்சேர்க்கையக் கேட்டான். பஸ் ஸ்டாண்டுல இருந்து பொறப்பட்டேன். போய்ச் சேருததுக்குள்ள பெல்லடிச்சிட்டான்.”

பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“இப்ப என்ன போச்சு?”

“மாதா கெபி தாண்டி நாலு ஸ்டாப்பு. பஸ் அந்தப் பக்கம் போவலை. நெனச்சுப் பாத்தா அங்கன ஒரு பள்ளந்தான் தெரியுது. நிலைமம், உராய்வு, ஆவியாதல், எதிரொளிப்பு. பேரு இருக்கு. மத்தது ஒண்ணும் வர மாட்டேங்கு.”

“பஸ்ஸ எந்த வழியா விடுதாங்க?”

“உப்பளத்து வழியா.”

“அங்க ஸ்டாப்பு?”

“ஒண்ணுங் கெடையாது. வெறும் வெட்டவெளி. எதை வச்சு நான் ஞாபகம் வைக்க?”

டீச்சர் டஸ்டரைத் தட்டினார். தூசி பறந்தது.

“நாளைக்கு நான் வாரேன்.”

“எங்க டீச்சர்?”

“நிலைமத்துக்கு.”

கொம்பையாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டினார். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தலையாட்டாமல் என்ன செய்வது?

மறுநாள் சனிக்கிழமை. டீச்சர் சொன்னபடி பஸ் ஸ்டாண்டில் ஏறினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

கொம்பையா டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார்.

“டீச்சர், எங்க?”

“நிலைமத்துக்கு ஒண்ணு.”

அருகில் உட்கார்ந்திருந்த கிழவி நிமிர்ந்து பார்த்தாள். மடியில் கருவாட்டுக் கூடை.

“அது எந்த ஊரு தாயி? புதுசா இருக்கு.”

“அண்ணாச்சியத்தான் கேக்கணும். அவங்கதான் இறக்கி வச்சிருக்காங்க.”

கிழவி கொம்பையாவைப் பார்த்தாள். கொம்பையாவின் காது சிவந்துவிட்டது.

“பாலத்து வேல முடிஞ்ச பெறவுதான் பாட்டி அங்கன போவும்” என்று சொல்லித் தப்பித்தார்.

ரைஸ்மில் வந்தது. அவர் உதடு தானாக முணுமுணுத்தது. வாட்டர் டேங்க் வந்தது. முணுமுணுத்தது. மாதா கெபி வரைக்கும் ஒன்றும் தவறவில்லை. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கெபி தாண்டியதும் டிரைவர் மாடக்கண்ணு வலது பக்கம் திருப்பினார். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். மரமில்லை, வீடில்லை.

கொம்பையாவின் உதடு நின்றுவிட்டது.

“சொல்லுங்க அண்ணாச்சி. நிலைமம்.”

கண்ணை மூடினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மறுபடியும் புறப்பட்டார். ரைஸ்மில். டேங்க். செக்போஸ்ட். கெபி. அதற்கப்புறம் பள்ளம்.

“வரலை டீச்சர்.”

“சரி.”

“ஓடிக்கொண்டிருக்கும்னு ஆரம்பிக்கும். அதுக்கு மேல வரலை.”

“சரி.”

“என்ன சரி சரிங்கிய? எனக்குக் கெதக்குன்னு இருக்கு. இத விட்டா எனக்கு வேற பொழப்புத் தெரியாது டீச்சர்.”

குரல் உடைந்துவிட்டது. கிழவி கூடையைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

“டீச்சர், கம்பியப் புடிங்க.”

“எதுக்கு?”

“எதுக்கா? மாடக்கண்ணு பிரேக் போட்டா மூஞ்சியில அடிபடும்.”

“பஸ்தான நிக்கும்? நான் எதுக்கு விழணும்?”

கொம்பையா பதினைந்து வருஷமாகக் கம்பியப் புடிங்க, கம்பியப் புடிங்க என்று கத்திக்கொண்டிருக்கிறார். எதுக்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாத்திகளுக்கு நடுவிலிருந்து ஓர் உப்பு லாரி பின்பக்கமாக ரோட்டில் ஏறியது.

மாடக்கண்ணு பிரேக்கை மிதித்தார்.

பஸ் நின்றது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நிற்கவில்லை. மொத்தப் பேரும் முன்னால் சாய்ந்தார்கள். கிழவியின் கூடை நழுவி ஓடியது. டீச்சர் கொம்பையாவின் தோளில் மோதினார். கொம்பையா முன்சீட்டுக் கம்பியில் மோதினார்.

“கண்ணு எங்க வே இருக்கு!” என்று ஆளாளுக்கு மாடக்கண்ணுவைத் திட்டினார்கள். மாடக்கண்ணு லாரிக்காரனைத் திட்டினார்.

கொம்பையா யாரையும் திட்டவில்லை.

கம்பியைப் பிடித்தபடி நின்று எல்லோரையும் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது.

“ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து... திடீரென்று நிற்கும்போது... பயணிகள் முன்னோக்கிச் சாய்வர்.”

கிழவி கூடையை இழுத்து மடியில் வைத்தாள். ஒருத்தன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரு பெண் பின்சீட்டிலிருந்து சரிந்த பையைத் தூக்கினாள்.

“டீச்சர்.”

“ம்.”

“அந்தப் பயணிகள் இவங்கதானா?”

“நாங்க பயணிகதாம்யா!” என்றாள் கிழவி. “பெறவென்ன ஆடு மாடா?”

கொம்பையா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எத்தனை மாதம் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்திருக்கிறார்! படியில் நின்றும் படித்தார், சாப்பிடும்போதும் படித்தார். அந்தப் பேருந்து எங்கேயோ புத்தகத்துக்குள் ஓடுகிறது என்றே நினைத்திருந்தார். அது தன் வண்டிதான் என்று நினைக்க அவருக்கே வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

லாரி நகர்ந்தது. மாடக்கண்ணு கியரைப் போடப் போனார்.

“நிறுத்துங்க” என்றார் டீச்சர். “நான் இங்க இறங்கிக்கிடுதேன்.”

“இங்கன ஸ்டாப்பு இல்லையே டீச்சர்?”

“நான் நிலைமத்துக்குத்தான டிக்கெட் எடுத்தேன்?”

டீச்சர் இறங்கிவிட்டார். எதிர்ப்பக்கம் இன்னொரு மினிபஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

கொம்பையா படியில் பாதி இறங்கி நின்றார்.

“டீச்சர், இன்னும் மூணு இருக்கே! உராய்வு, ஆவியாதல், எதிரொளிப்பு. அதெல்லாம் எங்கன இருக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? நான் இந்த ரோட்டுக்கு இன்னைக்குத்தான் வாரேன்.”

சொல்லிவிட்டு டீச்சர் அந்தப் பஸ்ஸுக்குக் கை காட்டப் போய்விட்டார்.

கொம்பையா படியிலேயே நின்றார்.

பிரேக் போட்ட இடத்தில் மண்ணில் டயர் இழுத்த தடம் நீளமாகக் கிடந்தது. தொட்டால் சுடும் போலிருந்தது. அதற்கு அப்பால் நீர் நிறைந்த பாத்தி. அதில் வானம் அப்படியே கிடந்தது. அதற்கும் அப்பால் நீரெல்லாம் எங்கோ போய்விட்ட பாத்தி. அங்கே உப்பு மட்டும் வெள்ளையாக மிச்சமிருந்தது. ஒரு பெண் அதை வாரிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

மாடக்கண்ணு ஹாரன் அடித்தார்.

“விசில் ஊதும் வே! ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல, யாருக்கு நிக்கீரு?”

கொம்பையா திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

“செத்த பொறும் வே. மூணு பேரு ஏறட்டும்.”