நம்பர் உள்ள முனை

"எம்.எஸ். இரும்புக் குழாய்க்கு எந்த ஃபில்லர் ராடு நல்ல ராடு மேடம்?"

கேட்டவர் காத்தமுத்து. வயது ஐம்பது. துவாக்குடியில் பாதி வீட்டு கேட் அவர் பற்றவைத்ததுதான். ஆர்கான் வெல்டிங் படிக்க மூன்று வாரம் முன்புதான் வந்து சேர்ந்திருந்தார். பாய்லர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் தேர்வில் ஜெயித்து ஒரு நம்பர் வாங்க வேண்டும். போடுகிற ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் பக்கத்தில் வெல்டர் தன் நம்பரை அடிப்பார். அந்த நம்பர் மேல் காத்தமுத்துவுக்கு அப்படி ஓர் ஆசை.

சொல்லித்தருகிற பவுலின் மேடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கையுறையைக் கழற்றாமலே பதில் சொன்னார்.

"குழாயக் கேளுங்கண்ணே."

குழாய் என்ன, வாய் திறந்தா பேசும்? காத்தமுத்துவுக்குச் சுருக்கென்றது.

ஜாயின்ட்டில் உருக்கி நிரப்புகிற ராடு, வகைக்கு ஒன்றாக இரண்டு பாக்கெட், மேசை மேல் பிரிக்காமல் இருந்தன. அவற்றை அவர் சட்டை செய்யவில்லை. மிச்சம் மீதி ராடுகளைப் போட்டுவைக்கிற டப்பாவிலிருந்து பளபளப்பானதாக ஒன்றை உருவி, வெல்டிங் டார்ச்சைப் பிடித்தார்.

மீன் செதில் அடுக்கினாற்போல வந்தது ஜாயின்ட். பட்டறையே கூடிவிட்டது. காத்தமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"என்ன ராடுண்ணே இது?"

"தண்ணி மாதிரி ஓடுச்சு மேடம்."

"அது சரி. என்ன ராடு?"

காத்தமுத்து கையிலிருந்த மிச்சத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வகை என்று காட்ட ராடின் ஒரு முனையில் நம்பர் அடித்திருப்பார்கள். எடுத்த எடுப்பில் அந்த முனையைத்தான் அவர் உருக்கியிருந்தார்.

பவுலின் ஜாயின்ட்டைத் தூக்கி ஸ்கிராப் தொட்டியில் போட்டார்.

"நல்ல ஜாயின்ட் மேடம் அது!"

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

காத்தமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது.

"எத்தன கேட் பண்ணியிருப்பீங்கண்ணே?"

"யாரு எண்ணுனா? ஆயிரம் இருக்கும்."

"எதுலயாச்சும் உங்க பேரு இருக்கா?"

"கேட்ல வீட்டுக்காரர் பேரத்தான மேடம் போடுவோம்."

"நாளைக்கு இன்னொரு தடவ போடுங்க. அதுதான் உங்களுக்குத் தேர்வு."

மறுநாள் காத்தமுத்து டார்ச்சைத் தொடவே அரை மணி நேரம் ஆனது. குழாயைத் தேய்த்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவி, எடுத்துப் பார்த்தார். விரல் நுனி செம்மண் நிறத்தில் இருந்தது. மறுபடி தேய்த்தார், மறுபடி விரலை விட்டார். கொஞ்சம் துரு மட்டும் போகவே மாட்டேன் என்றது.

இரண்டு பாக்கெட்டையும் கண்ணுக்கு அருகில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்றைப் பிரித்தார். ராடைத் திருப்பி, நம்பர் உள்ள முனையைக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை செதில் அத்தனை அழகில்லை. யாரும் கூடவும் இல்லை.

பவுலின் ஜாயின்ட்டைப் பட்டையாக அறுத்து, பிரஸ்ஸில் வைத்து வளைத்தார். லாடம் மாதிரி வளைந்தது. ஒரு கீறல் இல்லை.

"என்ன ராடு?"

காத்தமுத்து உள்ளங்கையை விரித்தார். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. முனையில் 70எஸ்-2 என்று இருந்தது.

"உள்ள துரு இருந்துச்சு மேடம். அதத் தாங்குறது இதுதான்."

மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பவுலின் சிரித்தார். மேசை டிராயரிலிருந்து வெல்டர் நம்பர் அடிக்கிற ஓர் இரும்பு அச்சை எடுத்து நீட்டினார். நம்பர் 47.

வளைந்த பட்டையை அவர் முன்னால் வைத்தார்.

"இது யாரு போட்ட ஜாயின்ட்?"

ஆயிரம் கேட் செய்த கை சுத்தியலை எடுத்தது.

காத்தமுத்து பட்டை மேல் அச்சை வைத்து, துவாக்குடிக்கே கேட்கும்படி ஓங்கி ஓர் அடி அடித்தார்.