முனகிய கரை

முன்னொரு காலத்தில் மருதவளநாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் சபையில் புகார் மேல் புகாராகக் கேட்டு அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது. அந்தத் தலைவலியோடு ஒரு சட்டம் போட்டான்.

"இனி அரசாங்க வேலையைக் குறை சொல்கிறவன் எவனோ, அவனை அந்த வேலையைச் செய்த அதிகாரியிடமே விசாரணைக்கு ஒப்படைக்க வேண்டும்!"

எல்லோரையும் விடப் பலமாகத் தலையாட்டியவர் வீரசிங்கர். பெரிய ஏரிக்குக் கரை கட்டும் வேலை அவர் பொறுப்பில் இருந்தது. மந்திரி விடங்கனை அவருக்குக் கண்டாலே ஆகாது. விடங்கன் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "மந்திரியாருக்கு என் வேலையில் ஏதாவது குறையோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். விடங்கன் வாயை மூடிக்கொண்டான்.

கரை எழும்பியது. அதன் மேலேயே ராஜா ஒரு மாளிகை கட்டிக் குடிபோனான். முதல் நாள் பொழுது சாயும் நேரம் ஒரு சத்தம் கேட்டது. பூமிக்குள் யாரோ முனகுவது போல நீளமாக எழுந்து அடங்கியது.

"அது என்ன சத்தம்?" என்று விளக்கேற்ற வந்த பணிப்பெண்ணைக் கேட்டான்.

"எந்தச் சத்தம், மகாராஜா?" என்றாள் அவள். கையிலிருந்த விளக்கின் சுடர் மட்டும் நடுங்கியது.

வைத்தியரைக் கேட்டான். காதில் வாயு என்றார். காவலர்களைக் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் மாலை மாறுவேஷத்தில் கரைக்குக் கீழே இருந்த ஊருக்குப் போனான். தெருவில் கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. முனகல் எழுந்தது. தெரு முழுக்க ஒரே கணத்தில் அப்படியே நின்றது. நீர் இறைத்தவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள், ஒன்றும் நடக்காதது போல.

ராஜா ஒரு வீட்டு வாசலில் ஏறித் தண்ணீர் கேட்டான். உள்ளே ஒருத்தி இரண்டு இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சாத்தி.

"இன்னொரு இலை யாருக்கம்மா?"

"யாருக்கும் இல்லை."

"உன் புருஷனுக்கா?"

"எனக்குப் புருஷனே கிடையாது, சாமி" என்றாள் சாத்தி. அவள் கழுத்தில் தாலி இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் ராஜா சபையில் கத்தினான்: "எனக்கென்ன பைத்தியமா? கரைக்குள் ஏதோ முனகுகிறது. அந்தக் கரையில் கோளாறு இருக்கிறது! ஒருவன் காதிலுமா விழவில்லை?"

விடங்கன் எழுந்தான். "காவலர்களே, மகாராஜா அரசாங்க வேலையைக் குறை சொல்லிவிட்டார். சட்டப்படி அவரை வீரசிங்கரிடம் ஒப்படையுங்கள்."

"என்ன திமிர்!" என்று ராஜா வாளில் கை வைத்தான்.

"ராஜாவுக்கு விலக்கு உண்டென்று நீங்கள் சொல்லவில்லையே, மகாராஜா" என்றான் விடங்கன். குரல் உறுதியாக இருந்தாலும் அவன் கைகள் நடுங்கின.

ராஜா அந்தக் கைகளையே பார்த்தான். பிறகு வாளை விட்டுவிட்டு இறங்கி வந்தான். "சரி. வீரசிங்கரே, என்னையும் விசாரியும். குறை சொன்ன மற்றவர்களை எங்கே கூட்டிப் போனீரோ அங்கேயே கூட்டிப் போம்."

வீரசிங்கர் முகம் வெளுத்தது. "அது... மகாராஜா வரக்கூடிய இடம் இல்லையே!"

"ஏன்?"

வீரசிங்கர் பின்னால் நகர்ந்தார். காவலர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கரையின் அடிவாரத்தில் புதர் மறைத்த ஓர் இரும்புக் கதவு இருந்தது. உள்ளே கருங்கல் இருக்க வேண்டிய இடமெல்லாம் பொந்து. மரத்தூண்கள்தான் கரையைத் தாங்கி நின்றன. கணுக்கால் அளவு தண்ணீரில் எலும்பும் தோலுமாக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முனகியது பாதி தூண்கள், பாதி அவர்கள்.

"நீ யார்? என்ன நடந்தது?" என்று முன்னால் இருந்தவனைக் கேட்டான் ராஜா.

"கல்தச்சன் நக்கன், சாமி. சாத்தியின் புருஷன்" என்றான் அவன். ராஜாவின் பின்னால் நின்ற வீரசிங்கரைப் பார்த்தான். "ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது."

அவன் முகத்தில் பயத்தைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. "உங்கள் சட்டம் இருக்கிறவரை அவன் சொல்ல மாட்டான்" என்றான் விடங்கன் மெதுவாக.

ராஜா அந்தத் தண்ணீரில் நின்றபடியே சொன்னான்: "பழைய சட்டம் ஒழிந்தது. இனி தப்பு நடக்கிறது என்று எவராவது சொன்னால், 'யார் சொன்னது' என்று ஒருவரும் கேட்கக் கூடாது. 'நிஜமா' என்று மட்டும்தான் கேட்க வேண்டும். சொன்னவரைத் தொட்டவன் என்னைத் தொட்டவன். சாட்சி, இங்கே நிற்கிற எல்லோரும்!"

நக்கனின் உதடுகள் அசைந்தன. "இந்தத் தூண் எல்லாம் உளுத்துப்போச்சு, சாமி. கரை தாங்காது. ஊரைக் காலி பண்ணுங்க. இப்பவே."

பறை முழங்கியது. கரைக்குள் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு, ஆடு மாடு, குழந்தை குட்டிகளோடு ஊரே பாறைமேட்டில் ஏறியது. பொழுது சாயக் கரை உடைந்தது. கரைமேல் இருந்த ராஜாவின் மாளிகையும் ஊர்க் கூரைகளும் ஒன்றாக மிதந்து போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

புதுக் கரை கட்டத் தொடங்கியபோது வீரசிங்கர் தலையில் மண்கூடை ஏறியது. வேலையை மேற்பார்த்தவன் நக்கன்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கனிடம் நீட்டினான். "உன் சாமர்த்தியத்துக்கு."

"மகாராஜா, கரையில் கல் போடவில்லை என்று நக்கன் நேராகத்தான் சொன்னான். அவனுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை, அதனால் இருட்டுக்குள் போனான். மாலை அவனுக்குச் சேரட்டும்."

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது: "அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து பாறைமேட்டுக்கு வருகிற அரிசி புழுத்திருக்கிறது!"

ராஜாவின் மீசை துடித்தது. "யாரடா அது..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான்:

"நிஜமா?"