பால் கிண்ணச் சோதனை

கொற்றூர் அரண்மனையில் ராணியின் வைர மூக்குத்தி காணாமல் போயிற்று. சந்தேகம் சமையற்கட்டில் வேலை பார்த்த பொன்னுருவி மேல் விழுந்தது. "நான் எடுக்கலை மகாராஜா" என்று அழுதாள். சாட்சி கிடையாது.

மனநூல் பண்டிதர் அரங்கேசர் எழுந்தார். "சாட்சி எதற்கு? பொய் சொன்னால் மனம் நடுங்கும், மனம் நடுங்கினால் கை நடுங்கும். இது என் கண்டுபிடிப்பு. தளும்பத் தளும்பப் பால் நிறைத்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பேசட்டும். சிந்தினால் பொய்."

பொன்னுருவி பிடித்தாள். சிந்தியது. "நாடு கடத்துங்கள்" என்றார் மன்னர் மாறவேள்.

"ஒரு சந்தேகம்" என்றார் அமைச்சர் சாத்தப்பர். "பண்டிதரே, இதுவரை எத்தனை பேரைச் சோதித்தீர்கள்?"

"மூன்று பேர். மூன்றும் பலித்தது."

"மூன்றே பேர்தானா?"

"பதினோரு பேர். மற்ற எட்டும் சரியாக வரவில்லை. அதனால் ஏட்டில் எழுதவில்லை."

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு முறை செய்து பார்ப்போம்."

முப்பது காவலர்கள் வந்தார்கள். பதினைந்து பேரை மட்டும் பொய் சொல்லும்படி சாத்தப்பர் காதோடு சொல்லிவைத்தார். அவர்கள் பெயரை ஓலையில் எழுதி, முத்திரை வைத்து, முன்கூட்டியே மன்னரிடம் கொடுத்தார். "பிறகு மாற்றிப் பேச எனக்கும் வழி இருக்கக்கூடாது."

பொய் சொன்னவர்களில் எட்டுப் பேர் சிந்தினார்கள். மெய் சொன்னவர்களில் ஒன்பது பேர்.

"காற்று" என்றார் பண்டிதர்.

கதவுகளைச் சாத்திவிட்டு மறுபடி செய்தார்கள். ஏழும் ஏழும்.

"இது பசும்பால். நான் சோதித்தது எருமைப்பால்."

எருமைப்பால் வந்தது. எட்டும் எட்டும்.

"மன்னர் முன்னால் நிற்கிற பயத்தில் சிந்துகிறார்கள்."

"பொன்னுருவிக்கு மட்டும் அந்தப் பயம் இருக்காதா?" என்றார் சாத்தப்பர்.

"அவளை விடுங்கள்" என்றார் மன்னர். விலங்கைக் கழற்றியதும் பொன்னுருவி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. தானே ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, "என் சோதனை ஒருபோதும் தவறாது!" என்று கத்தினார். பால் மன்னரின் பாதத்தில் கொட்டியது.

"அமைச்சரே, இவர் சொல்வது பொய்யென்று இவருடைய சோதனையே சொல்லிவிட்டதே! இவரை நாடு கடத்தட்டுமா?"

சாத்தப்பர் குனிந்து மேல்துண்டால் மன்னரின் பாதத்தைத் துடைத்தார்.

"அவசரப்படாதீர்கள் மகாராஜா. ஒரு தடவை சிந்தியதை வைத்து எப்படி முடிவு கட்டுவது? இன்னும் இருபத்தொன்பது தடவை தூக்கச் சொல்லுங்கள்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் கணையாழியைக் கழற்றிச் சாத்தப்பரிடம் கொடுத்தார். பண்டிதருக்கு இரண்டாவது கிண்ணத்தை நிறைக்கச் சொன்னார்.